ஜெனீவாவா, திரையா, அறிக்கையா, கிராம சபையா: பிள்ளைகளின் பேச்சு எந்த வழியில் போகலாம்?

மதுரையைச் சுற்றிச் சிறுவர் மன்றம், மாலை நேர வகுப்பு, குழந்தைகள் நாடாளுமன்றம் என்று ஏதாவது ஒன்றை நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு எப்போதாவது அப்படி ஒரு மின்னஞ்சல் வந்துவிடும். குழந்தை உரிமை பற்றி வெளிநாட்டில் ஒரு கூட்டம் நடக்கிறது, உங்கள் பகுதிப் பிள்ளைகளில் ஒருவரையோ இருவரையோ சொல்லுங்கள், சீக்கிரம் பதில் வேண்டும். வந்த நிமிடமே "யாரை அனுப்பலாம்?" என்ற பேச்சு கிளம்பிவிடும். அனுப்பத்தான் வேண்டுமா, வேறு வழியில் பேச வைக்க முடியாதா என்பதை யாரும் கேட்பதில்லை. உண்மையில் நாலைந்து வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் செலவும் பலனும் வேறு வேறு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகள் சொன்னதற்கான பதில் எந்த வழியில் அந்தப் பிள்ளைகளிடமே திரும்பி வருகிறதோ, அதற்குத்தான் என் ஓட்டு. மேடை, போட்டோ, சான்றிதழ் எல்லாம் அப்புறம்.

இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் வாய்ப்பும் இல்லை. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20-இல் நிறைவேறியது, இந்தியா 1992 டிசம்பரில் அதில் சேர்ந்தது. தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதன் 12-ஆவது பிரிவு. நாடுகள் இந்த உடன்படிக்கைப்படி நடக்கின்றனவா என்று பார்க்க ஜெனீவாவில் கூடும் ஐ.நா. நிபுணர் குழு ஒன்று இருக்கிறது, இந்தப் பிரிவை விளக்கி அது 2009-இல் ஒரு பொதுக் கருத்துரை வெளியிட்டது. பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர்களுக்கு அதில் ஒன்பது நிபந்தனை உண்டு: பிள்ளைக்கு எல்லா விவரமும் தெரிந்திருக்க வேண்டும், விரும்பித்தான் வர வேண்டும், எந்த ஆபத்தும் வந்துவிடக் கூடாது என்று போகும் அந்த வரிசையில் கடைசியாக நிற்பது, சொன்ன கருத்து என்ன ஆயிற்று என்று பிள்ளைகளிடமே வந்து சொல்ல வேண்டும் என்பது. நான் பார்த்தவரை, முதல் எட்டுக்கும் படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், ஒன்பதாவதைக் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்கிறார்கள்.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யூனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் குழந்தைப் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் போட்டார். அதில் கீழே உள்ள மூன்று படிகளும், அதாவது ஆட்டிவைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு உட்கார வைப்பது, பங்கேற்பே இல்லை என்றார். நம் ஊர் விழாக்களில் வரவேற்பு நடனம் ஆடி, விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுத்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு பின்வரிசைக்குப் போகிற பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சர்வதேசக் கூட்டத்திலும் இது நடக்கும், பிஸ்கட் மட்டும் கொஞ்சம் உயர்ந்த ரகமாக இருக்கும்.

சரி, முதலில் விமானம். நேரில் போவதற்கு ஒரு பலம் உண்டு, அதை மறுக்கவே முடியாது. 2002 மே மாதம் நியூயார்க்கில் குழந்தைகளுக்கான ஐ.நா. சிறப்பு அமர்வு நடந்தபோது, அதற்கு முன்பே 400-க்கு மேற்பட்ட பிள்ளைகள் தனியாகக் கூடித் தங்கள் அறிக்கையைத் தாங்களே எழுதினார்கள், பொலிவியாவிலிருந்தும் மொனாக்கோவிலிருந்தும் வந்த இரண்டு பெண்பிள்ளைகள் அதைப் பொதுச் சபையில் நின்று வாசித்தார்கள். நம் பக்கத்திலேயே திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த பள்ளி மாணவி, 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். அவர் போனதில் கவனிக்க வேண்டியது, கையில் சொந்தமாக ஒரு விஷயம் இருந்தது. தெருவில் கரி போட்டுத் தேய்க்கிற பெட்டியைப் பார்த்து யோசித்ததை அவர் போய்ச் சொன்னார், யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கப் போகவில்லை. ஜெனீவாவில் குழந்தை உரிமைகள் குழுவின் 18 நிபுணர்கள் பிள்ளைகளை மூடிய அறையில், அரசு ஆட்கள் இல்லாமல் சந்திப்பது உண்டு. அங்கே ஒரு பிள்ளை சொன்னதை அவர்கள் பிறகு அரசாங்கத்திடம் கேள்வியாகக் கேட்கலாம். கண்ணைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு கனம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் செல்லம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கிளப்பிப் பாருங்கள். முதலில் பிறப்புச் சான்றிதழ்: எடுத்துப் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், பெண் என்று மட்டும் இருக்கும், பெயர் சேர்க்க அலைய வேண்டும். அப்புறம் பாஸ்போர்ட்டுக்கு அப்பா அம்மா இரண்டு பேருடைய கையெழுத்து, அப்பா ஆந்திராவில் முறுக்கு வியாபாரத்தில் இருப்பார், தீபாவளி முடிந்துதான் ஊருக்கு வருவார். விசாவுக்கு 12 வயது தாண்டியிருந்தால் கைரேகை வைக்கச் சென்னைக்கு நேரில் போக வேண்டும், கூடவே ஒரு பெரியவர், அவருக்கும் இதே கதை. குழுவின் அமர்வுகள் வழக்கமாக ஜனவரியில், மே மாதத்தில், செப்டம்பரில் கூடும். ஜனவரியில் திருப்புதல் தேர்வு, செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, மே மட்டும்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டு பேருக்கு டிக்கெட், தங்கல், குளிருக்குச் சட்டை எல்லாம் சேர்த்தால் சில லட்சம் ரூபாய். கூப்பிட்ட அமைப்பே கொடுக்கிறது என்றாலும், அந்தப் பணத்தில் வேறு என்ன நடந்திருக்கும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இதையெல்லாம் தாண்டிய சிக்கல் மொழி. ஐ.நா.வின் அலுவல் மொழி ஆறு, அதில் தமிழ் இல்லை. மொழிபெயர்ப்பாளரை நாமே கூட்டிப்போக வேண்டும், அது கூடுதல் செலவு என்றதும் என்ன நடக்கிறது? ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளையைத் தேடுகிறார்கள். மதுரை கே.கே. நகரில், அண்ணா நகரில் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை போய், உசிலம்பட்டிப் பக்கம் பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் பெண்களைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறது. அந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை, நன்றாகவே பேசியிருக்கும். ஆனால் பேச வேண்டியவள் வீட்டில் இருக்கிறாள்.

போய் வந்த பிறகு என்ன என்பதை யாரும் திட்டமிடுவதில்லை. ஒரு அம்மா என்னிடம் நேராகக் கேட்டார்: "ஏண்ணே, ப்ளேன்ல போய்ட்டு வந்த பிள்ள மறுபடியும் இங்கிட்டு வந்து தண்ணிக் குடம் தூக்குமா?" தூக்கும், தூக்கத்தான் வேண்டியிருக்கும், அதுவே ஒரு பிரச்சினையாகிவிடும். ஊரில் ஒருபக்கம் கட்அவுட், இன்னொரு பக்கம் நம்ம ஊர் மானத்தை வெளிநாட்டில் வாங்கிவிட்டாள் என்ற முணுமுணுப்பு. குழந்தைத் திருமணம், செங்கல் சூளை, குவாரி என்று பெயர் சொல்லிப் பேசிவிட்டால் முணுமுணுப்போடு நிற்காது. படம் எடுத்து உலகமெல்லாம் போட்டவர்கள் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வழி, திரை. 2014-இலேயே அந்தக் குழு, பிள்ளைகள் காணொளி வழியாகவும் தங்களிடம் பேசலாம் என்று தன் நடைமுறையில் எழுதி வைத்துவிட்டது, கொரோனாவுக்குப் பிறகு அது சாதாரணமாகிவிட்டது. எனக்கு இதில் பிடித்தது, ஒரு பிள்ளையைப் பொறுக்கி எடுக்கும் வேலை இல்லை. அரசுப் பள்ளி ஹைடெக் லேபில் பதினைந்து பேர் உட்காரலாம், ஒருத்தி தயங்கினால் அடுத்தவள் எடுத்துக்கொடுப்பாள், தமிழில் பேசுவார்கள், தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து மொழிபெயர்ப்பார். நேரமும் ஒத்துவரும்: ஜெனீவாவில் காலை 10 மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. நியூயார்க் கூட்டம் என்றால்தான் இரவு ஏழரை, எட்டரை ஆகும், அதற்கு வயசுக்கு வந்த பெண்களை அனுப்ப வீட்டில் சம்மதிப்பது கஷ்டம், பிறகு கூட்டிக்கொண்டு போய் விடவும் ஆள் வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள், அது முக்கியம்.

திரையிலும் இரண்டு வகை இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கும் மூடிய சந்திப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லலாம். முந்நூறு பேர் இணைந்த வெபினாரில் "இந்தியாவிலிருந்து குழந்தைகள், இரண்டு நிமிடம்" என்றால் மரியாதையாக மறுத்துவிடலாம். அங்கே உரையாடல் முழுக்க ஆங்கிலத்தில் சாட் பெட்டிக்குள் ஓடும், நம் பிள்ளைகள் கை ஆட்டிவிட்டு வருவார்கள், யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்.

மூன்றாவது, பிள்ளைகளே சேர்ந்து தயாரிக்கும் அறிக்கை. உடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு அரசும் அவ்வப்போது அறிக்கை கொடுக்க வேண்டும், அப்போது பிள்ளைகளும் தங்கள் பக்கத்தைத் தனியாக அனுப்பலாம். எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, படம், வீடியோ எதுவானாலும் சரி. இதுதான் எல்லாவற்றிலும் அதிக உழைப்பு கேட்கும் வழி. நல்லபடியாகச் செய்தால் அதிகம் திருப்தி தருவதும் இதுதான், பெரியவர்கள் கை வைத்துக் கெடுக்க அதிக வாய்ப்புள்ளதும் இதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சார்ட் பேப்பர் விரித்து, பள்ளிக்கூடம் போவதில் என்ன சிரமம் என்று வரையச் சொன்னோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பஸ் ஸ்டாப்பை வரைந்தாள், ஸ்டாப்பில் மூன்று பெண்கள், தூரத்தில் பஸ்ஸின் பின்பக்கம், மேலே கறுப்பு கிரேயானில் வானம். கீழே எழுதினாள்: "ஸ்பெஷல் கிளாஸ் முடியுது ஆறு மணி. கடைசி பஸ் அஞ்சே முக்கால். ஆறேகாலுக்கு ஒரு பஸ் விட்டா நாங்க பதினொண்ணாவது படிப்போம்." நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள், எங்களோடு வந்திருந்த ஒருவர் அதற்கு அடியில் தன் பேனாவால் சேர்த்திருந்தார்: "ஊரகப் பகுதிகளில் போக்குவரத்து வசதிக் குறைபாடு பெண் குழந்தைகளின் இடைநிற்றலுக்குக் காரணியாக அமைகிறது." பிள்ளை அதை வாசித்துவிட்டு "இது யாரு எழுதுனது?" என்றாள். அவர் நல்லவர்தான், அறிக்கை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். ஆனால் அந்தப் படமும் அந்த மூன்று வரியும் அப்படியே ஜெனீவாவுக்குப் போனால் படிக்கிறவருக்கு எந்த பஸ், எத்தனை மணி என்பது வரை புரியும். பேனாக்காரர் வாக்கியம் மட்டும் போனால் அது உலகத்தின் எந்த நாட்டு அறிக்கையிலும் பொருந்தும், யாரையும் உறுத்தாது.

அறிக்கை வழியின் பெரிய குறை காலம். இந்தியாவைப் பற்றி அந்தக் குழு 2000-இல் கருத்துச் சொன்னது, 2004-இல் சொன்னது, அடுத்தது 2014-இல்தான். 2004-இல் 12 வயதுப் பிள்ளை ஒன்று குறை சொல்லியிருந்தால், அடுத்த முறை நம் நாட்டை விசாரித்தபோது அதற்கு 22 வயது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் நாடுகள் ஆய்வு கொஞ்சம் ஒழுங்காக நடக்கிறது, இந்தியாவுக்கு 2008, 2012, 2017, 2022 என்று வந்தது, ஆனால் அதில் குழந்தைகள் விஷயம் நூற்றில் ஒன்றாகக் கிடக்கும்.

நான்காவது, கருத்துக்கேட்பு. குழு ஏதாவது ஒரு பொருளில் புதிய கருத்துரை எழுதும்போது உலகம் முழுக்கப் பிள்ளைகளிடம் கேள்வி அனுப்பும். சுற்றுச்சூழலும் காலநிலை மாற்றமும் பற்றி 2023-இல் வந்த 26-ஆவது கருத்துரைக்கு 121 நாடுகளிலிருந்து 16,331 கருத்துகள் வந்தன, பிள்ளைகளே அடங்கிய ஆலோசனைக் குழு ஒன்றும் கூட இருந்தது. செலவு இல்லை, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதும். ஆனால் 16,331-இல் நம் பிள்ளையின் வரி எங்கே போனது என்று தேட முடியாது. பழக்கத்துக்கு நல்லது, இதை மட்டுமே பங்கேற்பு என்று நோட்டீஸில் போடாதீர்கள்.

வழக்குப் போடும் வழி ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2019 செப்டம்பரில் கிரெட்டா துன்பர்க், ஹரித்வாரைச் சேர்ந்த ரிதிமா பாண்டே உள்ளிட்ட 16 பிள்ளைகள், காலநிலை மாற்றத்தைத் தடுக்கத் தவறியதாக ஐந்து நாடுகள்மேல் அந்தக் குழுவிடம் புகார் கொடுத்தார்கள். 2021 அக்டோபரில், முதலில் அந்தந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டார்கள். தனிப் புகாருக்கு வழிசெய்யும், உடன்படிக்கையோடு இணைந்த மூன்றாவது நெறிமுறையில் இந்தியா சேரவில்லை என்பதால், நம் அரசின்மேல் நம் பிள்ளை அங்கே புகார் கொடுக்கவே முடியாது. ஆகவே இப்போதைக்கு இந்தக் கதவு நமக்குச் சாத்தியிருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது: மறுத்த குழு, ஏன் மறுத்தோம் என்று அந்த 16 பிள்ளைகளுக்கும் எளிய மொழியில் ஒரு கடிதம் எழுதியது. தோற்றவர்களுக்குக்கூடப் பதில் வந்தது. இங்கே எத்தனையோ கூட்டங்களில் கைதட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு அதுகூட வந்ததில்லை.

கடைசி வழி ஊர். இதை எல்லாரும் சின்னதாக நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, ஆனால் மனு எழுதிக்கொண்டு போய் நிற்கலாம். ஊராட்சித் தலைவர் தலைமையில் இருக்க வேண்டிய கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் இரண்டு குழந்தைப் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு, உங்கள் ஊரில் அந்த இரண்டு பேர் யார் என்று விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிக் கிராம சபை நடத்துகிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் தொடங்கிய அக்கம்பக்கக் குழந்தைகள் நாடாளுமன்றம் முப்பது வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பல இடங்களுக்குப் பரவியது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கிறது. ஆறேகால் பஸ் வேண்டும் என்பதற்கு ஜெனீவா எதற்கு? போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் மனு, நகல் கலெக்டருக்கு, ரசீது வாங்கி வைத்துக்கொள்வது, அடுத்த கிராம சபையில் அதையே தீர்மானமாகக் கேட்பது. நடக்குமா நடக்காதா என்று சில மாதத்தில் தெரிந்துவிடும், பிள்ளைகளுக்கு அதுதான் தாங்கக்கூடிய காலம்.

அப்படியானால் உலகக் கூட்டமே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. உள்ளூரில் தீராத விஷயங்கள் இருக்கின்றன. வைகையில் தண்ணீர் வராததற்கு ஊராட்சித் தலைவர் என்ன செய்வார்? போனில் வரும் ஆபாசத்துக்கும் சூதாட்ட விளம்பரத்துக்கும் உசிலம்பட்டி தாசில்தாரிடம் மனு கொடுக்க முடியாது, அதற்கு நாடுகள் சேர்ந்துதான் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த வேண்டும். அங்கே நம் பிள்ளைகளின் அனுபவம் போக வேண்டும். யாரிடம் தீர்க்கிற அதிகாரம் இருக்கிறதோ அவரிடம்தான் விஷயம் போக வேண்டும், முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், வழி தானாகவே தெரியும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது: பிள்ளைகள் நமக்குப் பிடிக்காததைச் சொன்னால்? 1996 கடைசியில் கர்நாடகக் குந்தாப்பூரில் பல நாடுகளின் உழைக்கும் பிள்ளைகள் கூடிப் பத்து அம்சப் பிரகடனம் போட்டார்கள். எங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள், நாங்கள் செய்யும் பொருள்களைப் புறக்கணிக்காதீர்கள், படிக்கவும் விளையாடவும் நேரம் விட்டு கௌரவமான வேலை வேண்டும் என்றார்கள். அந்த வருடம் டிசம்பரில்தான் நம் பக்கத்துச் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த பிள்ளைகள் வழக்கில், ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனக்குத் தீர்ப்பின் பக்கம்தான் மனம் போகிறது, வெடிமருந்து ஒட்டிய கையோடு வீட்டுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்த ஊர் இது. ஆனாலும் குந்தாப்பூர்ப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஏன் ஒத்துக்கொள்ள முடியாது என்று அவர்களிடமே விளக்கியிருக்க வேண்டும். உங்கள் மன்றத்துப் பிள்ளை மேடையில் ஏறி உங்கள் கொள்கைக்கு எதிராகப் பேசினால் உங்களால் பொறுத்துக்கொள்ள முடியாது என்றால், தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

என் முடிவு இதுதான். மதுரைப் பக்கத்து மன்றம் எதுவானாலும் அறிக்கையும் மூடிய திரைச் சந்திப்பும் சேர்ந்த வழியை எடுங்கள். அதில் ஊரில் தீரக்கூடியதை எல்லாம் பிரித்து, அதே மாதத்தில் மனுவாக்கிக் கொடுத்துவிடுங்கள். கருத்துக்கேட்பு வந்தால் நேரம் இருந்தால் செய்யுங்கள். விமானம் எனக்குக் கடைசித் தேர்வு, அதையும் சில கட்டுப்பாட்டோடு மட்டும்: பிள்ளைகள் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தவர்கள் போக வேண்டும், தனியாக அனுப்பாமல் இரண்டு பேராக அனுப்ப வேண்டும், தமிழிலேயே பேசலாம் என்று கூப்பிட்டவர்கள் ஒத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளருக்கும் அவர்களே செலவு செய்ய வேண்டும், படம் வெளியிடுவதை அந்தப் பிள்ளையே வேண்டாம் என்று சொல்லலாம், கூட்டம் முடிந்து மூன்று மாதத்துக்குள் என்ன ஆயிற்று என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுத்தில் பதில் வர வேண்டும். இதை மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். கடைசி நிபந்தனைக்கு வரும் பதிலைப் பார்த்தாலே கூப்பிட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காத பிள்ளைகள் இருந்தால் எதற்கும் அதை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள். ஜெனீவாவுக்கு இல்லாவிட்டாலும் வேறு எதற்காவது அது நிச்சயம் வேண்டியிருக்கும்.